பன்னிரண்டாவது வாள்

வீரபத்திரன் எங்கள் ஊர்க் கொல்லர். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில், கண்மாயைத் தாண்டியதும் வருகிற முதல் கூரை அவருடைய பட்டறை. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் கையில் இருந்தது அவர் அடித்த அருவாள்தான். அருவாளைப் பார்த்து அவரளவுக்குப் பயந்த மனிதரையும் நான் கண்டதில்லை.

சும்மா சொல்லவில்லை. அருவாள் வேண்டும் என்று எவன் வந்து நின்றாலும் முதலில் விசாரணைதான். "எதுக்கு? கருவேலம் வெட்டவா, ஆட்டுக்குக் குழை ஒடிக்கவா?" வந்தவன் முகம் சரியில்லை என்றால் கரி இல்லை என்பார், துருத்தி கிழிந்துவிட்டது என்பார். இப்படியே இரண்டு வாரம் இழுத்தடிப்பார். அதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நினைப்பு. முடித்த அருவாளை யார் கையிலும் கொடுக்க மாட்டார். தரையில் வைத்துவிட்டு விலகி நிற்பார். வந்தவன் குனிந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் எண்பத்தாறுக்குப் பிறகு வந்த பழக்கம். அந்த வருஷம் வரப்புத் தகராறில் ஒருவன் கூடப் பிறந்த அண்ணனையே வெட்டிப்போட்டான். கோர்ட்டில் அந்த அருவாளைக் காட்டி, "இது நீ அடிச்சதா?" என்று கேட்டார்கள். பிடிக்குக் கீழே வீரபத்திரனுடைய மூன்று புள்ளி முத்திரை இருந்தது. "நான் அடிச்சதுதான் சாமி" என்று சொல்லிவிட்டு அங்கேயே மயங்கி விழுந்தார். சாட்சி சொல்லப் போனவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ஊரே சிரித்தது, நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். தொண்ணூற்றேழில் அவருக்கு வந்த வினைக்கு நானும் ஒரு காரணம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் மாதவன் என்று ஒரு வியாபாரி. பித்தளை விளக்கும் மணியும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அந்தத் தடவை ஐரோப்பாவிலிருந்து யாரோ வாள் கேட்டிருந்தார்கள், பன்னிரண்டு வாள். கண்காட்சியில் சுவரில் மாட்டுவதற்காம். படமும் விவரமும் இங்கிலீஷில் வந்திருந்தன. மாதவன் கம்பெனித் தாளும் சேர்த்து எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவந்து, "உங்க ஊரு கொல்லருக்கு நீங்களே வாசிச்சுச் சொல்லிருங்க சார்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டறையில் மூன்று படத்தையும் தரையில் விரித்தேன், ஒவ்வொன்றிலும் நான்கு வாள் வேண்டும். முதல் படம் கெல்ட்டியர் வாள். ரோமாபுரி பெரிதாகும் முன்பே ஐரோப்பாவில் இரும்பை வசப்படுத்தியிருந்த கூட்டம் அவர்கள். இரண்டு பக்கமும் கூர், நடுவில் இலைபோல அகலம், பிடி மட்டும் ஒரு மனிதன் கையையும் காலையும் விரித்து நிற்கிற மாதிரி. இரண்டாவது ரோமக் குதிரைப்படையின் நீள வாள். கெல்ட்டியரோடு சண்டை போட்டும், பிறகு அவர்களையே படையில் சேர்த்தும், அவர்கள் வாளை ரோமர் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது, அதற்கும் ஆயிரம் வருஷம் தள்ளிக் குதிரை வீரர்கள் இடுப்பில் தொங்கிய, குறுக்குக் கட்டை வைத்த வாள்.

வீரபத்திரன் மூன்றையும் வெகுநேரம் பார்த்தார். ஒரு நூலை எடுத்து ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்தார். "இது தாத்தன், இது மகன், இது பேரன்" என்றார். "மூக்கு அப்படியே இருக்கு, பாருங்க. வளத்தி மட்டும்தான் கூடிப்போச்சு." நான் வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னாலும் இவ்வளவு சுருக்கமாக வராது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. ரோமர் பக்கத்து ஆள் ஒருவர் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிற ஒரு விஷயத்தையும் சொன்னேன். கெல்ட்டியர் வாள் முதல் வீச்சிலேயே வளைந்துவிடுமாம், காலில் மிதித்து நிமிர்த்தினால்தான் அடுத்த வீச்சாம்.

வீரபத்திரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்தக் கொல்லன் அப்படி விடுவான்? எழுதுனவன் எதிராளியில்ல? அவன் அப்படித்தான் எழுதுவான்."

"இருக்கலாம்ண்ணே. பூமியில தோண்டி எடுத்த வாள்ல நல்ல இரும்பும் இருந்துச்சுன்னு சொல்றாக."

"அப்படிச் சொல்லுங்க. செத்துப்போன கொல்லன் வந்து வழக்காடவா போறான்?"

மாதவன் கேட்டது வெறும் தகடு. வளைந்தாலும் பரவாயில்லை, கூரே வேண்டாம், பளபளப்பாக இருந்தால் போதும். காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது. வாசித்துச் சொல்லியும், தமிழில் எழுதிக் காட்டியும் இருந்தேன். வீரபத்திரன் வீரசோழன் பழைய இரும்புக் கடைக்குப் போய் லாரி ஸ்பிரிங் பட்டையாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். காய்ச்சி, அடித்து, எண்ணெயில் முக்கி, இரும்பு இறுகத் தோய்ச்சல் போட்டார். ஒவ்வொன்றையும் கல்லில் அடித்துப் பார்த்தார், ஒன்றும் வளையவில்லை. முகம் தெரியாத ஒரு கொல்லனுடைய பேரைக் காப்பாற்ற, சுவரில் மாட்டுகிற பொம்மைக்கு இரண்டு பக்கமும் வாய் தீட்டிக் கூராக்கிவைத்தார். பயந்த மனிதர் செய்த ஒரே துணிச்சலான வேலை அதுதான், அதுவும் அசட்டுத் துணிச்சல். தீட்டிய வாயில் என் பேனாவை வைத்துப் பார்த்தேன், கேரட்டைப்போல நறுக்கென்று போயிற்று.

பன்னிரண்டும் முடிந்த வாரம்தான் ஊர்களுக்கிடையே கலவரம் மூண்டது. பஸ் மேல் கல் விழுந்தது. இரண்டு ஊர் தள்ளி ஒரு வைக்கோல் படப்பு எரிந்தது. சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடை போட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். போலீஸ் ஊர் ஊராகக் கொல்லுப்பட்டறைகளைச் சோதனை போடுகிறது என்று சேதி வந்தது. மாதவன் தூத்துக்குடிப் பக்கம் போயிருந்தார், போனில் கிடைக்கவில்லை.

வீரபத்திரனுடைய சம்சாரம் முத்துப்பேச்சி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "சாரு, அவுக சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காக. அதக் கண்டா போலீஸு உசுரோட விடுமா?"

நான் போனபோது வாள்களைக் கரிக்குவியலுக்குள் புதைப்பதும் தோண்டுவதுமாக இருந்தார். பிறகு அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. கண்மாய்க் கரையில் கருப்பசாமி இருக்கிறார். நேர்த்திக்கடனாக வைத்த அருவாள்கள் ஆளுயரத்துக்கு அங்கே வரிசையாக நட்டிருக்கும். சாமிக்கு நட்ட இரும்பை யாரும் தொட மாட்டார்கள், போலீஸும்தான். ஆள் நடமாட்டமில்லாத உச்சி வெயிலில் பன்னிரண்டு வாளையும் சாக்கில் சுற்றிக்கொண்டுபோய், புகைக்கரி பூசி, அருவாள்களுக்கு நடுவே நட்டோம். நான் வழியில் நின்று காவல் பார்த்தேன். பூசாரி சந்தனம் கலவரத்துக்குப் பயந்து மல்லாங்கிணற்றில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஊரில் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தோம்.

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. பட்டறையைக் கிளறி, பனையேறி தீட்டக் கொடுத்துவைத்திருந்த, பாளை சீவுகிற அருவாளைக்கூட விடாமல் அள்ளிக்கொண்டு போனது. கோயிலுக்கும் போனார்கள். அதிகாரி பூட்ஸைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, விபூதி பூசிக்கொண்டு திரும்பினார். வேலியோரம் நின்று பார்த்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த நாள் எடுக்கப் போனோம். வீரபத்திரன் எண்ணினார். திரும்ப எண்ணினார். பதினொன்று இருந்தது. இலை மாதிரி அகன்ற கெல்ட்டியர் வாள் நான்கில் ஒன்றைக் காணவில்லை. நட்ட இடத்தில் மண் பிளந்திருந்தது.

"எவனோ எடுத்துட்டான், வாத்தியாரே." அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு நாலு நாள் அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ரோட்டோரம் நின்றுகொண்டு போகிற வருகிற ஒவ்வொருவனுடைய முதுகையும் இடுப்பையும் பார்த்தார். துண்டைத் தோளில் தடிமனாகப் போட்டவனைக் கண்டால் பின்னாலேயே போனார். எங்கோ இரண்டு பேருக்கு வெட்டு என்று செல்லப்பாண்டியின் டீக்கடையில் பேச்சு வந்தது. "அருவா வெட்டா, குத்தா?" என்று வீரபத்திரன் கேட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. அருவாள் வெட்டுதான் என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் தூக்கம் போயிற்று. தெருவில் எவனாவது சத்தமாகக் கூப்பிட்டால் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையில் சாக்கு மூட்டை, பதினொரு வாளும் உள்ளே. இரண்டு நாளாக பஸ் ஓடவில்லை, நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப்போகிறாராம்.

"பைத்தியமா உங்களுக்கு? நீங்களே போய் மாட்டிக்கிடுவீகளா?" என்றேன்.

"மாட்டுனா மாட்டிட்டுப் போறேன். ஒண்ணு வெளிய கெடக்குன்னு சொன்னாத்தான தேடுவாக? ரெண்டு பக்கமும் வாய் வச்சிருக்கேன், வாத்தியாரே. அதுல ஒருத்தன் விழுந்தா நான் வெட்டுன மாதிரிதான்." மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டார். "நீங்க அந்தக் காயிதத்த எடுத்துக்கிட்டு கூட வாங்க. இங்கிலீசுல ரெண்டு வார்த்தை சொன்னா நம்புவாக."

காகிதம் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. மாதவன் கம்பெனித் தாள், படம், என் கையெழுத்தில் தமிழ் விவரம். அது என் கையெழுத்து என்பது அப்போதுதான் உறைத்தது. அரசாங்க வேலை. வாள் செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்த வாத்தியார் என்று எவனாவது ஒரு வரி எழுதிவிட்டால் என் கதி என்ன?

"நீங்க முன்னால நடங்கண்ணே. நான் தேடி எடுத்துக்கிட்டு, சட்டைய மாத்திட்டு, பின்னாலயே வாரேன்" என்றேன்.

"சரி, மெதுவாப் போறேன். எட்டிப் பிடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வீரபத்திரன் நடந்தார். கருவேலங்காட்டு வளைவு வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் சட்டையை மாற்றினேன். காகிதத்தையும் எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. முத்துப்பேச்சி வந்து கதவைத் தட்டினாள். காய்ச்சல் என்று சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் பஸ் ஓட ஆரம்பித்தது. பூசாரி சந்தனம் மல்லாங்கிணற்றிலிருந்து வந்து கோயில் கதவைத் திறந்தார். அந்தப் பக்கமாகப் போன நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். கருப்பசாமி சிலைக்கு வலது பக்கம் காணாமல் போன வாள் நின்றது. முனையில் எலுமிச்சம்பழம், பிடியில் பூச்சரம். கைகாலை விரித்து நின்ற அந்தச் சின்ன மனிதனுக்கு நெற்றியில் குங்குமம் வைத்திருந்தது.

"யாரு நேந்ததுன்னு தெரியல சார்" என்றார் சந்தனம். "போலீஸு வந்துட்டுப் போன அன்னைக்கு சாயங்காலம் கடைசிப் பூசை போட்டேன். இது ஒண்ணு மட்டும் கரி உதிந்து புதுசா கண்ணுல பட்டுச்சு. இம்புட்டு நேர்த்தியான இரும்ப வெயில்ல விடலாமா? உள்ள கொண்டாந்து சாத்திப் பூட்டிட்டுத்தான் அடுத்த நாள் மொத பஸ் ஏறுனேன்."

நாங்கள் பூசாரி முன்னமே போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். நாலு நாள் உயிரை வாங்கிய வாள் நாற்பதடி தூரத்தில், பூட்டின கதவுக்குப் பின்னால் சாமியோடு இருந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு, பூசாரியையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். தூத்துக்குடியிலிருந்து திரும்பியிருந்த மாதவனும் வக்கீலோடு வந்தார். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. காகிதத்தைப் பார்த்த எழுத்தர், "இத மொதல்லயே கொண்டாந்திருக்கலாமே சார்" என்றார், அவ்வளவுதான். ஆனால் வழக்கு பதிவாகியிருந்தது. வீரபத்திரன் வெளியே வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று.

உள்ளே நடந்ததை முத்துப்பேச்சிதான் பிறகு சொன்னாள். ஒரு வாளைக் காணோம் என்று சொல்லப் போனவரிடம், அந்த ஒன்று எங்கே என்று கேட்டே அடித்திருக்கிறார்கள், மூன்று நாளும். யாரிடம் விற்றாய், யாரிடம் கொடுத்தாய் என்று. வலது கையில் மூன்று விரல் மடங்காமல் போயிற்று. அதற்குப் பிறகு அவர் சம்மட்டி பிடிக்கவில்லை.

அவர் வந்த அன்று பட்டறைக்குப் போனேன். அணைந்த உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வாள் கோயிலில் கிடைத்த விவரத்தை வக்கீல் சொல்லித்தான் இருப்பார். ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"வாத்தியாரே, அது யாரையும் தொடலயே?"

"தொடலண்ணே. சாமிக்கிட்டயேதான் இருந்துச்சு."

இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நிம்மதியில் ஒரு மனிதன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, "சாருக்குக் காப்பி போடு" என்றார்.

காப்பியைக் குடித்தேன். அன்றைக்கு ஏன் பின்னாலேயே வரவில்லை என்று கேட்பார், கேட்பார் என்று உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே ஊரில் மூன்று வருஷம் இருந்தோம். எதிரே வந்தால், "வாங்க வாத்தியாரே" என்று சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் இப்போது கேட்டுவிடுவார் என்று நான் நடையை எட்டிப் போடுவேன். கடைசியில் நான்தான் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனேன்.