முந்தானையில் திரும்பி ஓடிய ஆறு

கார்த்திகை மாதம், சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் காஞ்சிபுரத்தில் செங்கல்பட்டு டவுன் பஸ் ஏறினோம்: நான், சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் ஏகாம்பரம், அவர் மனைவி சாந்தி. சாந்தியின் மடியில் துணிப்பைக்குள் என் பட்டுச்சேலை. பெண்களுக்குக் கட்டணமில்லை, ஏகாம்பரம் மட்டும் பதினைந்து ரூபாய்க்குச் சீட்டு வாங்கினார்.

"ஆத்தையே திருப்பி வுட்டவங்க ஓசியில போறாங்க. நான் காசு குடுத்துக்கினு வரேன்," என்றார். சாந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் பழைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. பனிமூட்டம், வலப்பக்கமிருந்து மூன்று ஆறுகள் வந்து கூடி இடப்பக்கம் போகின்றன, அக்கரையில் பனைகள், சிறிதாக ஒரு கோயில். அடியில் 'திருமுக்கூடல்' என்று எழுதியிருக்கிறது. அந்தக் காட்சியைத்தான் முந்தானையில் கேட்டிருந்தேன். கோபுரமும் மாங்காயும் நெய்து பழகிய அந்த வீட்டில், சாந்தி தானே வரைந்து நெய்த முதல் சேலை அது.

அவர்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும், நெய்பவருக்குத் தெரிவது பின்பக்கம். கோபுரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரம்தான். ஆறு அப்படியில்லை. முந்தின நாள் சேலையைத் தறியிலிருந்து அறுத்து விரித்தபோது, சாந்தி தறியில் நேராகப் பார்த்து நெய்த ஆறு ஓவியத்துக்கு மாறாக இடமிருந்து வலமாக ஓடியது.

பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "பாவம் பாத்து வாங்காதீங்கமா," என்றார் சாந்தி. "இனிமே கோபுரமே போடலாம்," என்றார் ஏகாம்பரம். அந்த இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று நான்தான் அவர்களை அழைத்தேன்.

சுமார் இருபது கிலோமீட்டர். பழையசீவரம் மலையடியில் இறங்கியபோது விடிந்திருந்தது. ஆற்றங்கரையில் என் கூடத்துச் சுவர் விரிந்து கிடந்தது: வலப்பக்கமிருந்து நீர், அக்கரையில் பனைகள், பனியில் கரைந்த கோயில். ஓவியர் இங்கேதான் நின்றிருக்கிறார்.

அக்கரைக்குப் பாலத்தில் நடந்தோம். பனியில் முன்னாலும் பாலம் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. கீழே மழைநீர் மணல்திட்டுகளைச் சுற்றிச் சத்தமில்லாமல் நகர்ந்தது. எங்கோ மாட்டு மணி கேட்டது, மாடு தெரியவில்லை. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றிருந்தது.

திருமுக்கூடல் கோயில் பக்கம் இறங்கியபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. ஆற்றைப் பார்த்துத் திரும்பியதும் சாந்தி நின்றுவிட்டார்.

"பையப் புடி பா."

முந்தானையை எடுத்து இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். பட்டில் ஆறு இடமிருந்து வலமாக ஓடியது. அதற்கு அப்பால், மெய்யான ஆறும் அப்படியே.

ஏகாம்பரம் சேலையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "ஆறு சரி. எதிர்ல அம்மாம்பெரிய மல நிக்குது. உன் சேலையில பனதான இருக்குது?"

சாந்தி மலையை வெகுநேரம் பார்த்தார். "மல அடுத்த சேலையில," என்றார்.

"இந்த வாட்டி கண்ணாடியில பாத்து வரஞ்சிக்கோ, தாயே!"

சாந்தி சிரித்துவிட்டார். சேலையை மடித்து என் கையில் வைத்தார். "இப்ப எடுத்துக்கங்கமா."

அன்று மாலை வீடு திரும்பி ஓவியத்தின் முன் நின்றேன். இத்தனை வருடமும் இக்கரையிலிருந்தே அதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அக்கரைப் பனைகளின் அடியில், ஓவியர் யாரையும் வரையாத இடத்தில், ஒரு பெண் நின்று இந்தப் பக்கத்து மலையை அளந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.