முன்னால் போன கால்

ரம்பக்காரருக்கு இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் அவர் மனைவி விடமாட்டாள். "இல்லைன்னு யார் சொன்னது? கல்லறைத் தோட்டத்துல பத்திரமா இருக்கு. கொஞ்சம் முன்னாலயே போயிருச்சு, அவ்வளவுதான்" என்பாள். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. கேட்டவர்தான் சிரிப்பதா அனுதாபப்படுவதா என்று தெரியாமல் விழிப்பார்.

மர அறுவை மில்லில் பெரிய ரம்பம் அவர் பொறுப்பு. அந்தக் காலத்து மில்லை நினைத்தாலே அவருக்கு மூக்கில் மரத்தூள் வாசனை ஏறிவிடும். பச்சை மரத்துக்கு ஒரு வாசனை, காய்ந்த மரத்துக்கு ஒரு வாசனை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தலையிலும் காதுமடலிலும் தூள் அப்பியிருக்கும். "அரை மரத்தை இங்க கொண்டுவந்துட்டீங்களே" என்று அலுத்துக்கொண்டே மனைவி துண்டால் தட்டிவிடுவாள். அந்தத் தட்டலுக்காகவே அவர் மில்லில் தலையைத் துடைக்காமல் வருவார்.

அடுக்கிவைத்த மரங்கள் உருளாமல் இருக்க அடியில் ஓர் ஆப்பு செருகியிருப்பார்கள். ரம்பக்காரர் எல்லாவற்றையும் சரிபார்த்து, விலகி நின்று, "விடு" என்ற பிறகுதான் ஆப்பை உருவ வேண்டும். உருவுகிற வேலை சிட்டுவுடையது. சிட்டு என்பது பட்டப்பெயர். சாப்பிடுவது, நடப்பது, ஜெபம் சொல்வது, எதையும் பறந்துகொண்டே செய்கிற ஆள். இருவரும் ஒரே தெரு, ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அன்றைக்கு ரம்பக்காரர் இன்னும் வாயே திறக்கவில்லை. சாப்பாட்டு வேளை நெருங்கியிருந்தது, சிட்டுவுக்கு நல்ல பசி. ஆப்பை உருவிவிட்டான். மரங்கள் உருண்டு வந்து ரம்பக்காரரின் இடது காலை நசுக்கின.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி எடுத்தும் விட்டார்கள். அதன் பிறகு ஊழியர் ஒருவர் மனைவியிடம் வந்து, "இதை நாங்களே எரிச்சிரலாமாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"எதோட சேர்த்து எரிப்பீங்க?"

"வழக்கமா இங்க சேர்ற கழிவோடதான்."

"வாராவாரம் எழுந்து நின்னு சரீரம் உயிர்த்தெழும்னு சொல்றவங்க நாங்க. சொல்லிட்டு காலைக் குப்பையோட விட்டுட்டு வரவா?"

ஒரு புதுப் போர்வையில் சுற்றி வாங்கிக்கொண்டு நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள். போதகர் அந்தச் சபைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மடியில் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "மண்ணுல இருந்தே மனுஷனை உண்டாக்கினவர்மா அவர். சாம்பலானாலும் சேர்த்து எடுத்துருவார்."

"அவரால முடியும்னு எனக்கும் தெரியும் ஐயா. ஆனா எல்லாரையும் எழுப்புற அன்னைக்கு அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். இதையும் தேட விடணுமா?"

போதகர் சம்மதித்தார். சபைச் செயலாளர்தான் முட்டுக்கட்டை போட்டார். ஒரு குழிக்கு ஓர் அளவு, காலுக்கென்று கால் குழியெல்லாம் சட்டத்தில் கிடையாது என்றார். அதனால் காலுக்கு முழு ஆள் நீளத்துக்கு இடம் கிடைத்தது. "மீதி எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவசரமில்ல" என்றாள் மனைவி.

காலை அடக்கம் செய்ய ஜெபப் புத்தகத்தில் முறை ஏது? போதகர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, "விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுவோம்" என்றார். மனைவி, செயலாளர், குழி வெட்டியவர் எல்லோரும் நின்று, சரீரம் உயிர்த்தெழும் என்ற வரியோடு சேர்த்து முழுவதையும் சொன்னார்கள். சிட்டு வாசல் கதவுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வர அவனுக்குக் கால் எழவில்லை.

ரம்பக்காரர் கட்டைக்காலோடு மில்லுக்குத் திரும்பினார். அதன் பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை, ரம்பப் பற்களை அரத்தால் தீட்டுவது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரும் மனைவியும் கல்லறைத் தோட்டத்துச் சின்னச் சுவரில் போய் உட்காருவார்கள். மனைவி காலிடம் ஊர்க்கதை பேசுவாள். "உனக்கென்ன, சுகமாப் படுத்துட்ட. உனக்கும் சேர்த்து இங்க ஒருத்தன் உழைக்கிறான்" என்று அவருடைய வலது காலைக் காட்டுவாள். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். அவர் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அந்த நாட்கள்தான். காலோடு இருந்த நாட்களைக்கூட அவர் அவ்வளவு ஆசையாக நினைத்துக்கொள்வதில்லை.

சிட்டு விஷயம் மட்டும் முள்ளாகவே இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் வந்து அவன் அழுதபோது, "விடுடா, நடந்தது நடந்துபோச்சு" என்று ரம்பக்காரர் சொன்னது உண்மை. என்ன பெரிய மனசு என்று சபையே பேசியதும் உண்மை. ஆனால் அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் எடுப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து "சமாதானம்" சொல்ல வேண்டும். ரம்பக்காரர் முதல் வரிசைக்கு மாறிக்கொண்டார். கட்டைக்காலை நீட்ட அங்கேதான் இடமிருக்கிறது என்று காரணம் சொன்னார். சிட்டு கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டான்.

"உங்க வாய் மன்னிச்சிருச்சு. கை இன்னும் மன்னிக்கல" என்றாள் மனைவி.

"கால் நீட்ட வசதிப்படலடி."

"கடைசிப் பெஞ்சுக்கு முன்னாலயும் தரைதான் இருக்கு."

அவர் அசையவில்லை. அவள் அதோடு விடவில்லை. ஒவ்வொரு வாரமும் அந்த வேளையில் கோயிலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போய்ச் சிட்டுவின் கையைப் பிடித்து, "இது எனக்கு. இது அவருக்கு" என்று இரண்டு தடவை குலுக்கிவிட்டு வருவாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ரம்பக்காரர் மட்டும் பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அவள் கேட்டுக்கொண்டபடியே காலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதோடு தோட்டத்தில் இடம் தீர்ந்தது; இனிப் போகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே சபை புதிதாக வாங்கிய இடம்தான். மிச்சமிருந்தது கால் படுத்திருந்த இடம் மட்டும்தான், அதுவும் அவருக்கென்று ஆனது. அதுவரை விசுவாசப் பிரமாணத்தை அவள் சொல்வாள் என்பதற்காகத்தான் அவரும் கூடவே சொல்லிவந்தார். இப்போது சரீரம் உயிர்த்தெழும் என்று வரும்போது அவர் குரல் தனியாகக் கேட்கும் அளவுக்கு உயர்ந்தது. ஆவியாக மட்டும் அவள் வந்தால் அவருக்குப் போதாது. துண்டால் தட்டுகிற அந்தக் கை வேண்டும். சுவரில் உட்கார்ந்து அந்த இடத்தைப் பார்ப்பதில்தான் அவருக்கு ஆறுதல் இருந்தது. பக்கத்திலேயே இருந்தால் கண் விழித்ததும் முதலில் அவள் முகம்தானே.

ஒரு திங்கட்கிழமை காலை சிட்டு தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும்போல சாவையும் வேகமாக முடித்துவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ரம்பக்காரர் போனார். போகாமல் இருக்க முடியாதே. சிட்டுவின் மனைவி மூட்டு வலியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"புது இடத்துலதான் வைக்கணுமாம் அண்ணே. ரெண்டு பஸ் மாறிப் போகணும். இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்க போய்ப் பாக்கிறது" என்றாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "கோயில்ல இருந்து வர்ற வழியெல்லாம் ஒண்ணுதான் கேப்பாரு. அண்ணன் இன்னைக்கு என்னைத் திரும்பிப் பாத்தாரான்னு. நானும் பாத்தாரு பாத்தாருன்னு சொல்லிருவேன்" என்றாள்.

ரம்பக்காரர் சிட்டுவின் கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை சூடாக, கொடுத்தால் பிடித்துக்கொள்ளக் காத்துக்கொண்டு, கடைசிப் பெஞ்சில் இருந்தது என்று நினைத்ததும் அவருக்குத் தாங்கவில்லை. பிள்ளையைப்போல வாய்விட்டு அழுதார்.

வெளியே வந்து செயலாளரிடம், "என் இடத்துல வைங்க" என்றார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்புறம் உங்களுக்குப் புது இடம்தான். வீட்டம்மா இங்க, நீங்க அங்க."

அவர் மனசில் ஆசை என்று மிச்சமிருந்ததே அந்த ஓர் இடம்தான். "எந்திரிச்சு நடந்து வந்துருவேன். அன்னைக்கு எனக்கு ரெண்டு கால் இருக்கும்ல" என்றார்.

அடக்கத்தன்று சிட்டுவின் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். குழி வெட்டியவர் தயங்கித் தயங்கி ரம்பக்காரர் அருகில் வந்தார். போர்வையும் எலும்பும் தட்டுப்படுவதாகவும், தனியாக எடுத்து ஒரு பெட்டியில் வைத்தால் பிற்பாடு அவரோடு சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார்.

"அங்கேயே இருக்கட்டும்" என்றார் ரம்பக்காரர். "எந்திரிக்கிற அன்னைக்கு அவனே எடுத்துட்டு வந்து குடுக்கட்டும். நான் கையை நீட்டிக்கிட்டு நிப்பேன்."