பௌர்ணமிக்கு ஆபீஸ் வைத்த சந்திரகலா

எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மலையைக் கை நீட்டித் தொட்டுவிடலாம் போல இருக்கும். அந்த மாடியைத்தான் சந்திரகலா ஆபீசுக்குக் கேட்டாள். இதே அடி அண்ணாமலையில் சாமந்திப்பூ போடுகிற தசரதன் மகள். வேலூரில் படித்து, சென்னையில் வேலை பார்த்து, கொரோனா வந்தபோது லேப்டாப்போடு ஊருக்கு வந்துவிட்டாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லைச் சரிபார்க்கிற கம்பெனி. வீட்டிலிருந்தே செய்யலாமாம்.

அப்புறம் ஆபீஸ் எதற்கு என்று கேட்டேன். ஒரு கதை சொன்னாள். செங்கம் ரோட்டு டீக்கடையில் விமல்ராஜுக்காகக் காத்திருந்தாளாம். கூட வேலை செய்கிற பையன், ரெண்டு வருஷமாய்த் தினமும் பேசுகிறவன். பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தன் போன் போட, இவள் போன் அடித்ததாம்.

"அக்கா, உங்களை நல்ல உயரம்னு நெனச்சிருந்தேன்."

"நான் உன்னை ஒல்லின்னு நெனச்சிருந்தேன்டா."

சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சிரிப்பு அடங்கியதும், "ரெண்டு வருஷம் ஆயா, மூஞ்சியே தெரியாம," என்றாள்.

மாடியைக் கொடுத்தேன். வாரத்தில் ரெண்டு நாள் ஆபீஸ், மிச்ச நாள் வீடு என்று ஏற்பாடு. வந்தார்களா? ஒருநாள் பஸ் இல்லை, ஒருநாள் தலைவலி. வந்தவர்களும் ஆளுக்கொரு மூலை, காதில் ஹெட்போன். மீட்டிங் என்றால் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். மோர் கொண்டுபோய் வைத்தால் ஒருத்தரும் நிமிர மாட்டார்கள்.

"இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ தூரம் வரணும்?"

"அதையேதான் ஆயா அவங்களும் கேக்கறாங்க."

மாசியில் சென்னையிலிருந்து சேதி வந்தது. நாற்காலி காலியாகவே கிடந்தால் சித்திரையோடு ஆபீசை மூடுவார்கள். சந்திரகலா சென்னைக்குப் போக வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாம். அவள் முகம் வாடிப்போனது.

"மாடியை வேற யாருக்கும் விட மாட்டேன்," என்றேன்.

"நீங்க விடாம இருந்தா போதுமா ஆயா? அவங்க வரணுமே."

அப்புறம்தான் பங்குனிப் பௌர்ணமிக்கு எல்லாரையும் ஆபீஸ் வரச் சொன்னாள். பௌர்ணமி என்றால் இந்த ஊரில் ரோட்டை அடைத்துவிடுவார்கள், பஸ் வெளியிலேயே நின்றுவிடும். அன்றைக்கு எல்லாருக்கும் வீட்டில்தான் வேலை.

"பைத்தியமா உனக்கு? ஜனம் ரோடு கொள்ளாம வரும்."

"அந்த ஜனத்தோட நடந்து வரட்டும் ஆயா. கிரிவலப் பாதையிலதானே ஆபீசே இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். விமல்ராஜ் ஆசிரமத்துப் பக்கமிருந்து வந்தான். எழில் என்று புதுசாய்ச் சேர்ந்த பெண், வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் வந்து அப்படியே சுற்றி நடந்து வந்தாள். வந்து என்ன? அதே மூலை, அதே ஹெட்போன். சரி, சித்திரையோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

சாயந்திரம் மற்றவர்கள் முன்னாலேயே கூட்டத்தோடு நடந்து போய்விட்டார்கள். கடைசியாய் எழிலோடு கீழே இறங்கிய விமல்ராஜ் வந்த வழியே திரும்பினான். நான் மறித்தேன்.

"எங்கடா போற?"

"வீட்டுக்கு ஆயா. இப்படிப் போனா கிட்ட."

"மலையை வலப்பக்கம் வச்சு வந்தவன் எதிர்ல திரும்புவானா? முழுசா சுத்திட்டுப் போ."

"உங்க வீட்ல மோர் குடிச்ச பாவம்," என்றான்.

சந்திரகலா திகைத்து நின்றாள். வர வைப்பதை யோசித்தவள், அவர்கள் திரும்பிப் போவதை யோசிக்கவே இல்லை. சட்டென்று செருப்பை என் வாசலில் கழற்றினாள். "நானும் வரேன், வாங்க." எழில் கழற்றினாள். விமல்ராஜும் கழற்றினான். சொன்ன வாய்க்காக நானும் கிளம்பினேன்.

எங்கள் பக்கம் நிலா மலைக்குப் பின்னாலிருந்துதான் வரும். ஊருக்கெல்லாம் வந்த பிறகுதான் எங்களுக்கு. அதுவரை மலையின் விளிம்பு மட்டும் பால் பொங்கி வழிய நிற்கிற பாத்திரம் போல வெளுத்திருந்தது. வெறுங்கால்கள் தரையில் படுகிற சத்தம், தூரத்தில் எங்கோ மழை பெய்கிறாற்போல. எனக்காக மெதுவாக நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஹெட்போனை யார் மாட்டுவார்கள்?

எழில்தான் முதலில் வாய் திறந்தாள். "அண்ணா, நான் என்ன அனுப்பினாலும் 'ஓகே'ன்னு ஒரு வார்த்தைல முடிக்கறீங்க. எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"கோவமா? டைப் அடிக்க சோம்பேறித்தனம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பில்லில் பல நாளாய்ச் சிக்கியிருந்தாளாம், கேட்கப் பயந்து வேலையை விட்டுவிடவே நினைத்தாளாம். அவன் நடந்துகொண்டே காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். குபேர லிங்கம் தாண்டும்போது நிலா மலையை விட்டு வெளியே வந்து நாலு பேர் முகத்திலும் விழுந்தது. சந்திரகலா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

எழிலும் விமல்ராஜும் அவரவர் வீட்டுப் பக்கம் வந்ததும் வெறுங்காலோடு பிரிந்து போனார்கள். நான் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, முழுசாகச் சுற்றித்தான் சந்திரகலாவோடு வீடு வந்தேன். இன்னும் முட்டி வலிக்கிறது. எதிரில் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். காலையிலேயே எழில் வாசலில் நின்றாள்.

"செருப்புக்கு வந்தேன் ஆயா. அண்ணா வந்துட்டாரா?"

கொஞ்ச நேரத்தில் அவனும் செருப்புக்கு வந்தான். செருப்பை எடுக்காமல் ரெண்டு பேரும் மாடி ஏறினார்கள். மேலே நாற்காலியை இழுத்து ஒன்றாய்ப் போடுகிற சத்தம் கேட்டது.

சித்திரையில் சென்னைக்காரர் பார்க்க வந்தார். உள்ளே ஒரே பேச்சு; அவருக்கு வந்த போனையே பேச முடியாமல் வெளியே வந்தார். "இந்தச் சத்தத்தில எப்படி வேலை நடக்குது?" என்று கேட்டார். சந்திரகலா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அவர் மோரைக் குடித்துவிட்டு மலையைப் பார்த்து நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நாற்காலி பத்தலை போலிருக்கே. அனுப்பறேன்."

இப்போது எங்கள் ஆபீசுக்குப் பௌர்ணமி கட்டாயம். அன்றைக்கு என் வாசல் முழுக்கச் செருப்பு கிடக்கும். ஒன்றையும் உள்ளே எடுத்து வைக்க மாட்டேன். அவர்களே வந்து எடுக்கட்டும்.