அக்காவின் கால்விரலுக்கு ஒரு பட்டிமன்றம்

எனக்கு யோசிக்கத் தெரியாது, பேசத்தான் தெரியும். இரண்டும் வேறு வேறு என்று புரியவே ஐம்பது வயதாகிவிட்டது என்றால் என் மூளையின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களில் பட்டிமன்றம் பேசுகிறவன் நான். எந்த அணி என்று சொன்னால் போதும், அதுதான் உண்மை என்று அடித்துப் பேசுவேன். மறு வருடம் அதற்கு நேர் எதிராகவும் பேசுவேன். இரண்டுக்கும் கைதட்டல் விழும்.

பண்டமாரானில் இருக்கும் அக்காவுக்குச் சர்க்கரை. கால்விரல் புண் ஆறாமல் கறுத்துவிட்டது. விரலை எடுக்கவேண்டும், தள்ளிப்போட்டால் பாதமே போகும் என்றார் டாக்டர். கேரி தீவில் ஒருவர் தரும் எண்ணெயில் மூன்று பேருக்குக் குணமாகியிருக்கிறது என்றார் லோரி ஓட்டும் அத்தான். முடிவு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

அக்கா முகத்தில் பயம். பார்க்கச் சகிக்கவில்லை. எண்ணெய் அணியில் சேர்ந்துவிட்டேன்.

“அத்தான் லோரி டயரையே முழுசா தேயாம கழட்டமாட்டாரு. விரலை மட்டும் உடனே கழட்டணுமா லா?”

வீடே சிரித்தது. அக்காவும்தான், ரொம்ப நாளைக்குப் பிறகு. அத்தான் எண்ணெய் வாங்கக் கிளம்பினார்.

நான் வீடு திரும்பும்போது சுங்கை வே பக்கம் ஜாம். பட்டிமன்றமென்றால் எதிரணி எழுந்து கிழித்திருக்கும். இங்கே எதிரணியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, நானே எழுந்தேன். அந்த மூன்று பேருக்கும் சர்க்கரை இருந்ததா? எத்தனை பேர் தடவிப் பார்த்தார்கள்? குணமாகாதவன் அத்தானிடம் வந்து சொல்லியிருப்பானா?

என் அணியிடம் டயர் ஜோக் மட்டும்தான் இருந்தது.

வண்டியைத் திருப்பினேன். அந்தப் பக்கமும் ஜாம்.

அக்கா முன்னால் உட்கார்ந்து அந்தக் கேள்விகளையே கேட்டேன். அத்தான் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் ஏறவில்லை, ஒரு ஜோக்கும் வரவில்லை. “எண்ணெயைப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாதுக்கா. காலையில தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். டாக்டர் புண்ணைப் பாத்துட்டு சொன்னாரு” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா டிவிக்கு அடியில் கிடந்த ஆஸ்பத்திரி கார்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“காலையில இதவிட நல்லா பேசின.”