மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு பூச அனுமதி கோரி

வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கட்டடத்தின் கூரையிலோ சுவரிலோ எந்த வேலை செய்வதாக இருந்தாலும் வாடகைதாரர் எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும், உரிமையாளர் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். முதல் பாதியை நான் நிறைவேற்றினேன். இரண்டாம் பாதிக்காகக் காத்திருந்தபோது நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், கடலூரில் நடந்தது. நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நானும் மனைவியும் ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடியில் குடியிருந்தோம். தலைக்கு மேலே கான்கிரீட் தளம், அதற்கு மேலே சூரியன். வாடகை ஏன் குறைவு என்பது முதல் கோடையிலேயே விளங்கிவிட்டது. நாங்கள் இருவர் மட்டும் இருந்தவரை பொறுத்துக்கொண்டோம். அந்தச் சித்திரையில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அறுவை சிகிச்சை. ஆண் குழந்தை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அதன் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிளம்பிவிட்டது. பால் குடிப்பது குறைந்தது. உடம்பு சுட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, வெக்கைதான் என்றார். குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உடம்பில் நீர் வற்றிவிடும் என்று எச்சரித்தார். குளிர்ச்சியான இடம் சென்னையில் சம்பந்தி வீட்டில் இருந்தது. மருமகன் தினமும் போனில், "இங்க ஏசி ரூம் காலியா இருக்கு மாமா" என்பார். தையல் ஆறாத பெண்ணைக் காரில் அத்தனை தூரம் எப்படி அனுப்புவது? எங்கள் வீட்டு வயரிங் ஏசியைத் தாங்காது. தாங்கினாலும் என் பென்ஷன் தாங்காது.

முடிந்ததையெல்லாம் செய்தோம். காலையிலேயே கிழக்கு ஜன்னல்களைச் சாத்தி, பிற்பகலில் கடல்காற்று கிளம்பியதும் திறந்தோம். ஈரப் போர்வையைத் தொங்கவிட்டோம். பழைய ஏர்கூலர் ஒன்று வாங்கினேன். கடலோர ஊரில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஏர்கூலர் என்ன செய்யும்? அறையை இட்லிப் பானையாக்கியது. மின்விசிறியோ கூரையில் இருந்த சூட்டை எடுத்துத் தொட்டிலுக்கு அனுப்பியது. வெயிலைத் தளத்திலேயே தடுப்பதுதான் மிச்சமிருந்த வழி. மொட்டை மாடிக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினால் சூடு பெரிதும் குறையும் என்று படித்திருந்தேன். செலவும் அதிகமில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பும் பசையும் வாங்கி மாடிப்படியின் கீழ் வைத்தேன். அனுமதி வந்ததும் பூசுவதற்காக.

உரிமையாளர் இருப்பது சிதம்பரத்தில். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவிட்டு நேரிலும் போனேன். உரிமையாளர் ஊரில் இல்லை. அவருடைய மேனேஜர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து என் மனுவை இரண்டு முறை படித்தார். மற்ற குடித்தனக்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஐயா வந்ததும் பார்வைக்கு வைப்பதாகச் சொன்னார். பணிக்காலத்தில் நானும் எத்தனையோ பேரை இதே மாதிரி அனுப்பியிருக்கிறேன் என்பதால், அவர் மேல் கோபம் வரவில்லை. நல்ல வேலைக்காரர் என்றுதான் தோன்றியது.

எல்லா வீட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள், ஒரு வீட்டைத் தவிர. கீழ்த்தளத்தில் இருந்த அம்மா முடியாது என்றார். கணவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். இவர் கோடை முழுவதும் மொட்டை மாடியில் மோர்மிளகாயும் கொத்தவரை வத்தலும் காயவைத்துப் பண்ருட்டிக் கடைகளுக்கு அனுப்புவார். ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகிற அன்று மட்டும் மாடி காலியாக இருக்கும். ஏன் முடியாது என்று கேட்டதற்கு, "வேணாம் சார்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாரோ என நினைத்து, காய்ந்தபின் ஒட்டாது என்று விளக்கினேன். பலனில்லை. ஒப்பந்தப்படி மொட்டை மாடியை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, தெரியுமா என்றேன்.

"எழுதிப் போடுங்க சார். ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு அக்கா சொல்லியிருக்காங்க" என்றார்.

அக்கா என்றது என் மனைவியை. புகார் எழுதவும் உட்கார்ந்தேன். மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அந்த அம்மா குழந்தை பார்க்க வந்தார். எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தாலும் பிறந்த பிள்ளையைப் பார்க்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சோப்பும் பருத்திச் சட்டையும் வாங்கி வந்திருந்தார். உச்சிவேளை. மகள் நனைத்த துண்டால் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. அவர் அதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு முதுகைப் பார்த்தார். கட்டிலை ஒட்டிய சுவரில் கை வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுக்கு நேர் மேலதான் மொளகா காயுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் தரைதான் சார் எனக்கு அடுப்பு. மேல வெயிலு, கீழ சூடு, ரெண்டும் இருந்தாத்தான் சீக்கிரம் காயும். வெள்ள அடிச்சா தரை சுடாதுல்ல. அதான் கையெழுத்துப் போடல" என்றார்.

எந்தச் சூட்டைத் துரத்த நான் மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தேனோ, அந்தச் சூட்டை நம்பித்தான் எனக்குக் கீழே ஒரு குடும்பம் இருந்தது. சுண்ணாம்பு ஒட்டுமா ஒட்டாதா என்று அவருக்கு நான் பாடம் வேறு நடத்தியிருந்தேன்.

"நாளைக்கே அடிச்சுடுங்க" என்றார்.

அனுமதி இன்னும் வரவில்லையே என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அது வரும்போது வரட்டும் சார். அதுவரைக்கும் வெயில நிறுத்தி வெக்கச் சொல்லி இன்னொரு மனு போடறீங்களா?"

பல நாட்களுக்குப் பிறகு என் மகள் சிரித்தாள், தையல் வலிக்குது ஆன்ட்டி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் உள்ளே போய் ஆட்சேபணை இல்லாக் கடிதத்தை எடுத்து வந்து நீட்டினேன். அந்த நேரத்தில் அதற்கு அர்த்தம் இல்லை என்று எனக்கே தெரியும். அவர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் விடியலில் அவருடைய கணவரும் நானும் மாடிக்குப் போனோம். அரசு ஆணை இல்லாமல் ஒரு பேப்பர் கிளிப்பைக்கூட நகர்த்தாதவன், அனுமதி பெறாத கூரையில் துடைப்பத்தால் சுண்ணாம்பு இழுத்தேன். தளம் முழுவதற்கும் போதுமான சுண்ணாம்பு இருந்தது. படுக்கையறைக்கு மேலே மட்டும் போதும், மீதி உங்கள் வீட்டம்மாவுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது பெரிய விட்டுக்கொடுத்தலாகப் பட்டது. இரண்டாவது பூச்சும் காய்ந்தபின்தான் கவனித்தேன்: மீதமிருந்த பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பாதி நாள் விழுகிறது. நல்ல வெயில் முழுவதும் எங்கள் பக்கம். கணவரும் சரி, அந்த அம்மாவும் சரி, அதைச் சொல்லவே இல்லை.

வீடு ஊட்டியாகிவிடவில்லை. ஆனால் அன்று மாலை சுவரில் கை வைக்க முடிந்தது. கடல்காற்று ஜன்னல் வழியாக வந்தபோது காற்றாகவே இருந்தது. குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக வேர்க்குரு மங்கியது. மகளைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

கீழ் வீட்டில் நடந்தது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முன்பு இரண்டு நாளில் காய்ந்தது இப்போது மூன்று, நான்கு நாள் எடுத்தது. அப்படிக் கூடுதலாகக் கிடந்த ஒரு நாளில், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் கோடை மழை அடித்து, ஒரு ஈடு மோர்மிளகாய் முழுவதும் பூஞ்சை பிடித்துப் போனது. அதை அந்த அம்மா எங்களிடம் சொல்லவில்லை. அவருடைய கணவர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் போய் வருத்தம் தெரிவித்தபோது, "மழைக்குத் தெரியுமா சார், எது யாரு வத்தல்னு" என்று முடித்துவிட்டார். எதற்கு எந்தப் பிரிவில் இழப்பீடு கேட்பது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். இதற்கு எந்தப் பிரிவு என்று தெரியாமல் படியேறினேன்.

உரிமையாளரின் கடிதத்தில், மற்ற குடித்தனக்காரர்களுக்கு எவ்வித இடையூறும் ஏற்படாத பட்சத்தில் சுண்ணாம்பு பூசிக்கொள்ள அனுமதி அளிக்கப்படுகிறது என்று இருந்தது. 'இடையூறு' என்ற சொல்லை என் பணிக்காலத்தில் எத்தனையோ உத்தரவுகளில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். அது ஒருவர் வாய் திறக்காமல் சுமந்துகொண்டு போகிற ஒன்றாகவும் இருக்கலாம் என்பது எனக்குப் புரிந்தது, குழந்தை சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க அந்தப் பதில் வந்து சேர்ந்த தீபாவளிக்கு மறுநாள்.