இங்கிலீஷ் வாய்

எனக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஊமை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒருவரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை.

சின்ன வயதில் என்னைச் செவிடர் பள்ளிக்கூட விடுதியில் விட்டார்கள். அங்கே வெள்ளைக்கார மிஸ்மார் என் கையைத் தங்கள் தொண்டையில் வைத்துப் பேசப் பழக்கினார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சை விளங்கவும் பழக்கினார்கள். எல்லாம் இங்கிலீஷில். படிப்பு முடிந்தால் இந்தப் பிள்ளை தமிழ் வீட்டுக்குத்தானே போகும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, என் வீட்டாரும் யோசிக்கவில்லை.

வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்கு வந்தேன். மேசையில் எல்லோரும் சிரித்துச் சாப்பிடுவார்கள். உதடுகள் அசையும். எனக்கு ஒன்றும் பிடிபடாது. அக்காவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். என்ன கதை என்று கேட்டால், "பிறகு சொல்லுறன்" என்பார். சொல்ல மாட்டார். நான் உதட்டில் படித்த முதல் தமிழ் அதுதான்.

துணியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த உலகச் சண்டைக் காலம் அது. பழைய துணியை வெட்டிப் புதிதாகத் தைக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருந்தது. காலி வீதியில் கவுண் தைக்கும் ஒரு அம்மாவிடம் அக்கா என்னைக் கூட்டிப்போனார். ஒரு மாதம் பார்ப்போம் என்றார் அந்த அம்மா. அந்த வேலை கிடைக்காவிட்டால் சாகும்வரை அக்கா வீட்டு அடுப்படிதான்.

ஒருநாள் வீட்டிலும் இங்கிலீஷ் பேசும் ஒரு பறங்கி நோனா தன் பிள்ளையுடன் கவுண் தைக்க வந்தார். அவர் இங்கிலீஷில் கேட்டது தையல்கார அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. எனக்கு முழுதும் விளங்கியது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு வாய் எனக்கு முழுதாக விளங்கியது அன்றைக்குத்தான். கவுணின் கை முழங்கைக்கு மேலேயா, கீழேயா என்று கேட்டேன். நோனா ஓரடி பின்னால் போனார். பிள்ளை அழுதது.

பின்னேரம் அக்கா வந்தபோது அம்மா என்னைக் காட்டி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். வீதியில் அக்காவை மறித்துக் கேட்டேன். தெரிந்த இங்கிலீஷிலும் கைச்சாடையிலுமாகச் சொன்னார்.

"துரைச்சாணி மாதிரிக் கதைக்கிறாளாம், குரல் மட்டும் கடா ஆடாம். சனம் பயப்படுதாம். வாய் திறக்காட்டி வேலை நிரந்தரமாம். உனக்கென்ன, தைக்கிறது கையாலதானே."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டனான்."

நோனா கவுண் எடுக்க வந்தபோது நேரே என்னிடம் வந்தார். "அன்றைக்குப் பிள்ளை அழுததைக் குறையாக நினைக்காதே. நீ எங்கே படித்தாய்?" என்றார். நிதானமாக, உதடு தெரியக் கேட்டார். யாரும் என்னிடம் அப்படி ஒன்று கேட்டதில்லை. அம்மா கத்தரிக்கோலைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மெஷினுக்குக் குனிந்தேன். அவர் இன்னொரு தரம் கேட்டார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "பாவம், அன்றைக்குக் கேட்டது மனப்பாடம் போல, இதற்கு ஒன்றும் விளங்காது" என்றார். அதையும் உதட்டில் பார்த்தேன்.

வேலை நிரந்தரமானது.