நாலு வீடு தள்ளி ஒரு தாய்வீடு

அப்பா விழுப்புரம் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ஐம்பதுகளில், சுதந்திர நாட்டின் பிள்ளைகளுக்கு இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் பேரில் நான் மாலை வகுப்புகளுக்குப் போய், வரிசையாகப் பரீட்சைகளில் தேறினேன். அவர் ஓய்வு பெற்று நாங்கள் திண்டிவனத்துக்குக் குடிவந்த பிறகு, அறுபத்தைந்தின் தொடக்கத்தில், இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்து கல்லூரிகள் மூடப்பட்டன. ஊருக்குத் திரும்பிய என் தம்பி ஊர்வலங்களில் முன்வரிசையில் நடந்தான். நான் படித்ததும் அவன் எதிர்த்ததும் நாட்டுப்பற்றினால்தான் என்பது அப்பாவைச் சில காலம் குழப்பியது. தம்பியின் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஆனாலும் கற்றதை மறக்க எனக்கு வழி தெரியவில்லை.

எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருந்தார். உறவில்லை, அப்படி அழைத்துப் பழக்கம். பட்டாளத்தில் இருந்த அவருடைய மகன், இமயமலை அடிவாரத்துப் பெண் ஒருத்தியை மணந்து அழைத்து வந்து, தாயிடம் விட்டுவிட்டுப் பணிக்குத் திரும்பியிருந்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரு அவளுக்கு இந்திக்காரி என்று பேர் வைத்தது. அவளோடு பேச என்னை அழைத்தார்கள். சாப்பிட்டாயா என்று சாதாரணமாகக் கேட்க எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தந்திருக்கவில்லை. அரசவையில் தூதுவன் பேசுவது போல ஏதோ கேட்டேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஒரு நாள் பிற்பகல் பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கண்ணு, கொஞ்சம் வந்து பாரேன். பொட்டியக் கட்டி வச்சிக்கினு அழுதுக்கினு இருக்குது. எனக்கு இன்னா புரியும்?"

நான் போனபோது அவள் தன் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கடைத்தெருப் பக்கமிருந்து ஊர்வலத்தின் முழக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. தன்னை வெளியே அனுப்பப்போகிறார்கள் என்றாள். காலையில் மாமியார் அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கை வளையலைத் தொட்டுக் காட்டி, பிறகு ரயில் நிலையம் இருக்கும் திசையைக் காட்டினாராம். பிடித்துத் தள்ளும்வரை காத்திருப்பானேன் என்று அவளே புறப்பட்டுவிட்டாள். வெளியே என்ன கத்துகிறார்கள் என்று கேட்டாள். இந்தி வேண்டாம் என்பதை நான் இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. என் பரீட்சைகள் எதிலும் அந்த வாக்கியம் வந்ததில்லை.

தன் வீட்டில் பேசுவது வேறொரு மலைப்பேச்சு என்றாள். அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இந்தியில் தவறு செய்ததற்காகத்தான் அவள் பள்ளியில் அடி வாங்கியிருக்கிறாள். போய் ஊர்வலக்காரர்களிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டாள். இப்போது வேண்டாம் என்றேன்.

அவளுடைய அச்சத்தை நான் பெரியம்மாவிடம் தமிழில் சொன்னபோது அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடக் கடவுளே. ஏழாம் மாசம் பொறந்துடுச்சே, வளையல் போட்டுத் தாய்வூட்டுக்கு அனுப்பணுமே, அழைச்சிக்கினு போக யாரு வருவாங்கன்னு இல்ல கேட்டேன்."

எங்கள் பக்கத்து வழக்கத்தை அவளுக்கு விளக்கினேன். ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்கி, பிறந்த வீட்டார் வந்து பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். அப்படி அனுப்புவது மரியாதை. அவள் முழுவதும் கேட்டாள். தன் ஊருக்கு ரயில் மாறி மாறிப் போய், பிறகு மலையேற வேண்டும். யாரும் வரமாட்டார்கள் என்றாள். அழைக்க ஆளில்லாதவளை இங்கே எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டாள்.

அதைத் தமிழில் சொன்னேன். என் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றிருந்த அம்மாதான் பேசினாள்.

"எங்க வூட்டுக்கு அனுப்புங்க அக்கா."

"நாலு வூடு தள்ளித் தாய்வூடா? தெரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். வேற இன்னா வேலை அதுங்களுக்கு?"

நான் அதை இந்தியில் சொன்னேன். அவள் நம்பாமல், இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

அடுத்த வாரம் தெருப் பெண்கள் வந்து அவளுக்குக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். அன்றும் காலையில் ஊர்வலம் போயிருந்தது. மாலையில் அம்மா அவளை அழைத்துக்கொண்டு இறங்கினாள். டிரங்குப் பெட்டியைத் தூக்கத் தம்பி வந்தான். தெருமுனையில் அவனுடைய நண்பன் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாடா, காத்தால இந்தி ஒழிகன்னுட்டு, சாயங்காலம் இந்திப் பொட்டி தூக்கறியா?"

"எங்க அக்கா தாய்வூட்டுக்கு வருதுடா. பேசிக்கினே நிக்காத, அந்தப் பக்கம் புடி."

நண்பன் பிடித்தான். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவள் என்னிடம் கேட்டாள்.

பெட்டி கனமாக இருக்கிறதாம் என்றேன்.